ஃபார்வர்டிங் போட்டும் வெளியிலிருந்து திறக்காத வீட்டு சர்வர்

குடியாத்தத்திலிருந்து வந்த கேள்வி, 2025 மே 2

"சார், வீட்டில் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு ஒரு வெப் சர்வர் ஓட்டுகிறேன். அப்பாவின் கைலி இருப்புப் பட்டியல் அதில் இருக்கிறது, எந்த டிசைன் எத்தனை உருப்படி கையில் இருக்கிறது என்று. வீட்டு வைஃபையில் 192.168.1.20, போர்ட் 8080 என்று அடித்தால் பக்கம் உடனே வருகிறது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டுவிட்டேன், வெளியிலிருந்து 8080-க்கு வருவதை இந்த லேப்டாப்புக்கு அனுப்பு என்று. வெளியிலிருந்து மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. ரீசெட் செய்தேன், எல்லாப் போர்ட்டையும் லேப்டாப்புக்கே திருப்பும் டிஎம்இசட் போட்டேன், நண்பனின் ரவுட்டரை வாங்கி வந்தும் பார்த்தேன். நல்ல ரவுட்டராக எந்த மாடல் வாங்கலாம்?"

மே 2, இரவு

எந்த மாடலும் வாங்க வேண்டாம் தம்பி. முதலில் இரண்டு எண்களைப் பார்த்துச் சொல்லுங்கள். ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் ஸ்டேட்டஸ் என்று ஒரு இடம் இருக்கும், அதில் வேன் ஐபி, அதாவது ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்திருக்கும் முகவரி, என்ன? அதே வீட்டு நெட்டில் இருந்துகொண்டு கூகுளில் "என் ஐபி என்ன" என்று தேடினால் வருவது என்ன? இரண்டும் ஒன்றுதானா, வேறு வேறா?

இன்னொன்று. வெளியிலிருந்து என்கிறீர்களே, எங்கிருந்து? போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்த்தீர்களா, வீட்டு வைஃபையிலேயே இருந்துகொண்டு வெளி முகவரியை அடித்தீர்களா? பாதிப் பேர் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதைச் செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

மே 3, காலை

வேன் ஐபி 100.78 என்று தொடங்குகிறது, வெளியே தெரியும் எண் வேறு. சரி, கதை இங்கேயே தெரிந்துவிட்டது. உங்கள் ரவுட்டரும் சரி, நீங்கள் போட்ட ஃபார்வர்டிங் விதியும் சரி. அந்த விதியைத் தேடிக்கொண்டு யாரும் உங்கள் வீடு வரை வருவதே இல்லை.

100.64.0.0 முதல் 100.127.255.255 வரை உள்ள முகவரிகளைப் பொது இணையத்தில் தேடிப் பிடிக்க முடியாது. இணைய நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்குள் புழங்கிக்கொள்வதற்காக 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 என்ற இணைய விதிமுறை ஆவணம் வழியாக ஒதுக்கி வைத்தது அது, மொத்தம் சுமார் 42 லட்சம் முகவரிகள். உங்களுக்குக் கிடைத்திருப்பது அதில் ஒன்று. உங்கள் நிறுவனத்தின் பெட்டி ஒன்று எங்கோ உட்கார்ந்து, பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கிறது. பல சாதனங்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைப்பது நாட், அதை நிறுவனமே செய்தால் சிஜிநாட் என்று பெயர். ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்டுகள். அதைத்தான் துண்டு போட்டு எல்லா வீட்டுக்கும் பங்கிடுகிறார்கள். நீங்கள் வெளியே ஒரு இணைப்பைத் தொடங்கினால் அந்தப் பெட்டி அதைக் குறித்துக்கொள்ளும், பதில் வந்தால் உங்களிடம் சேர்த்துவிடும். வெளியிலிருந்து ஒருவர் தானாக வந்து 8080-ஐத் தட்டினால் எந்த வீட்டுக்கு அனுப்புவது? அதனிடம் குறிப்பு இல்லை. கீழே போட்டுவிடும். உங்கள் வாசலில் பெல் நன்றாகவே அடிக்கிறது, தெருமுனை கேட் பூட்டியிருக்கிறது, அந்தச் சாவி உங்களிடம் இல்லை.

ஏன் இப்படி ஆனது என்றால், பழைய ஐபி முகவரி 32 பிட். மொத்தமே 429 கோடி சொச்சம். கையிருப்பின் கடைசித் தொகுதிகளை, உலக அளவில் முகவரிகளைப் பங்கிடும் ஐயானா 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி பிரித்துக் கொடுத்து முடித்துவிட்டது. ஆசிய பசிபிக் பகுதியான நமக்குப் பங்கிடும் ஏப்னிக் அமைப்பும் அதே ஏப்ரலில் தன் கடைசித் தொகுதியில் கை வைத்துவிட்டது. நம் பக்கம் ஃபைபர் தெருத்தெருவாக வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதானே. பந்தி முடிந்த பிறகு வந்தவர்களுக்கு இலை இல்லை.

மே 3, மாலை

டக்டிஎன்எஸ் போட்டால் சரியாகுமா என்று ஒருவர் கேட்கிறார். ஆகாது. அது உங்கள் வெளி எண்ணுக்கு ஒரு பெயர் வைக்கும், அவ்வளவுதான். அந்த எண் உங்களுடையதே இல்லை என்னும்போது பெயர் வைத்து என்ன பயன்? வேன் ஐபி உண்மையான பொது முகவரியாக இருந்து, கரண்ட் போய் வரும்போதெல்லாம் அது மாறுகிறது என்றால் டக்டிஎன்எஸ் அருமையான மருந்து.

மே 4

வாலாஜாபேட்டை நண்பர்: "எனக்கு 100 இல்லை, 10-ல் தொடங்குகிறது. அப்படியானால் நான் தப்பித்தேனா?"

இல்லை. 10-ல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, 192.168 ஆகிய மூன்றும் 1996-லேயே தனியார் உபயோகத்துக்கு என்று எழுதி வைக்கப்பட்டவை. 100.64 வந்த பிறகும் பல நிறுவனங்கள் 10-ஐயே வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. கணக்கு ஒன்றுதான்: வேன் ஐபியும் வெளியே தெரிவதும் ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் யாரோ இருக்கிறார்கள்.

போகும் வழியை வரிவரியாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டு இரண்டாவது வரியில் 10 வந்தால் சிஜிநாட் என்று முடிவு கட்டுகிறார்கள் சிலர். அதை நம்ப வேண்டாம். பொது முகவரி கொடுக்கும் நிறுவனங்களும் தங்கள் உள் சாதனங்களுக்குத் தனியார் எண்களை வைத்திருக்கும், அது உங்கள் ட்ரேஸில் வந்து நிற்கும்.

மே 4, இரவு

அரசன் இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில் என்று நம் வேலூரைக் கிண்டல் செய்வார்கள். பொது ஐபி இல்லாத ஃபைபர் என்று இனி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மே 5

தெரியும், தெரியும். சாமி இல்லாத கோயில் என்று இப்போது சொல்லக் கூடாது, 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குத் திரும்பி வந்துவிட்டார். நாலு பேர் வரிசையாக வந்து சொல்லிவிட்டீர்கள். அதிலும் ஒருவர், லிங்கம் அதுவரை எங்கள் சத்துவாச்சாரியில்தான் இருந்தது என்று எனக்கே சொல்கிறார். பாலாற்றில் தண்ணீர் ஓடிய வருடங்களையும் யாராவது பட்டியல் போடும் முன் விஷயத்துக்கு வருவோம்.

மே 6

இந்த இழையைப் படிக்கும் எல்லோருக்கும் சிஜிநாட்தான் காரணம் என்று ஆகிவிடக் கூடாது. நான் கேமரா மாட்டும் வேலை செய்கிறவன். டெலிபோன் கம்பியில் பிராட்பேண்ட் வந்த காலத்தில் கேமராப் படத்தைப் பதியும் டிவிஆர் பெட்டிக்கு 8000, 37777, 554 என்று போர்ட் திறந்துவிட்டுத்தான் வீடு திரும்புவோம். அதற்கு முன்னால் கடைக்காரர் தன் போனில் கடையைப் பார்த்து ஒரு முறை சிரிக்க வேண்டும், அப்போதுதான் பணம். இப்போது கேமரா கம்பெனிகளே க்யூஆர் கோடு ஒட்டி தங்கள் சர்வர் வழியாகப் படத்தைக் கொண்டுபோகின்றன. காரணம் இதேதான், வீட்டுக்கு உள்ளே வர வழி இல்லை.

ஆற்காட்டில் ஒரு அரிசி மண்டி. வேன் ஐபியும் வெளி ஐபியும் ஒன்று, ஃபார்வர்டிங் சரி, கடைக்குள் படம் வருகிறது, வெளியே வரவில்லை. எனக்கு முன்னால் பார்த்தவர் ரவுட்டரையே மாற்ற வைத்திருந்தார். டிவிஆரில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தால் கேட்வே, அதாவது வெளியே போக வழியாக இருக்கும் ரவுட்டரின் முகவரி, 192.168.0.1 என்று இருந்தது. புது ரவுட்டரோ 192.168.1.1. ஒரே நெட்வொர்க்குக்குள் பேசும்போது கேட்வே தேவையே இல்லை, அதனால் கடைக்குள் எல்லாம் ஜோர். வெளியிலிருந்து வந்த அழைப்பும் டிவிஆர் வரை வந்து சேர்ந்தது. பதில் அனுப்பத்தான் அதற்கு வழி தெரியவில்லை. "உள்ளே வருகிறது, வெளியே வரவில்லை" என்று யார் சொன்னாலும் நான் கேட்வேயையும் ஒரு பார்வை பார்த்துவிடுவேன். யாரும் அந்தக் கட்டத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

ஆகவே செட்டிங்கைத் தொடும் முன், நெட்டில் போகும் தகவல் துண்டு, அதாவது பாக்கெட், எந்த இடத்தில் சாகிறது என்று பாருங்கள். சர்வரில், வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை 8080-க்கு மட்டும் ஓடவிடுங்கள், மொபைல் டேட்டாவிலிருந்து பக்கத்தைத் திறங்கள். திரையில் ஒரு வரியும் வராவிட்டால் தகராறு உங்கள் லேப்டாப்புக்கு முன்னால்: ரவுட்டரோ, அதற்கும் வெளியிலோ. வரிகள் வந்து, லேப்டாப் பதிலே அனுப்பாமல் இருந்தால் லேப்டாப்பின் தடுப்புச் சுவரான ஃபயர்வாலோ, ஆற்காட்டுக் கதை போலத் தவறான கேட்வேயோ. பதில் அனுப்பியும் அந்தப் பக்கம் சேரவில்லை என்றால் பதில் திரும்பிப் போகும் வழியில் தகராறு.

பிரவுசர் என்ன சொல்கிறது என்பதையும் கவனியுங்கள். "மறுக்கப்பட்டது" என்று உடனே வந்தால் யாரோ ஒருவர் கதவு வரை வந்து இல்லை என்று சொல்லிவிட்டார் என்று அர்த்தம், பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் எதுவும் ஓடவில்லை. வெகுநேரம் சுற்றிவிட்டு "நேரம் முடிந்தது" என்றால் பாக்கெட்டை யாரோ சத்தமில்லாமல் விழுங்கிவிட்டார்கள். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

இருக்கிறாயா என்று கேட்கும் பிங் சோதனைக்குப் பதில் வரவில்லை என்று பதற வேண்டாம். பிங்குக்குப் பதில் சொல்லாமல் வெப் பக்கம் மட்டும் தரும் சர்வர்கள் ஏராளம்.

மே 6, கொஞ்சம் கழித்து

இதை மறந்துவிட வேண்டாம்: சர்வர் எந்த முகவரியில் காது வைத்திருக்கிறது? வெப் பக்கம் எழுத உதவும் ஜாங்கோ, ஃபிளாஸ்க் இரண்டையும் சோதனைக்காக ஓட்டினால், தன்னையே குறிக்கும் 127.0.0.1-ல் மட்டும்தான் கேட்கும். அந்த லேப்டாப்பில் வரும், பக்கத்துப் போனில்கூட வராது. எல்லா முகவரியிலும் கேட்க 0.0.0.0 என்று கொடுக்க வேண்டும். எஸ்எஸ் கட்டளையை டிஎல்என் என்ற எழுத்துகளோடு (ss -tln) ஓட்டினால் எது எதில் கேட்கிறது என்று பட்டியல் வரும். குடியாத்தம் தம்பிக்கு இது பிரச்சினையில்லை, அவருக்குத்தான் வீட்டு வைஃபையில் எல்லாப் போனிலும் வருகிறதே.

போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் தளங்களுக்கும் சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சர்வரை அணைத்துவிட்டுச் சோதித்தால் "மூடியிருக்கிறது" என்றுதான் சொல்லும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் நெட்வொர்க் "பொது" என்று இருக்கிறதா "தனி" என்று இருக்கிறதா பாருங்கள். பொது என்றால் ஃபயர்வால் முறைத்துக்கொண்டு நிற்கும். நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் வைத்திருப்பவர்களுக்கு நேர் எதிர்: லினக்ஸின் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் மூடிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பார்கள், டாக்கர் தன் போர்ட்டை அதைத் தாண்டித் திறந்து வைத்திருக்கும்.

மே 9

ஆம்பூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியது தலைகீழ். மொபைல் டேட்டாவில் பக்கம் வருகிறது, வீட்டு வைஃபையில் அதே பெயரை அடித்தால் வரவில்லை. ஒன்றும் கெடவில்லை அம்மா. வீட்டுக்குள்ளிருந்து வெளி முகவரிக்குப் போய், ரவுட்டரிலேயே யூ-டர்ன் அடித்து மறுபடி வீட்டுக்குள் வர வேண்டும். ஹேர்பின் நாட் என்பார்கள், சில மாடல்களில் நாட் லூப்பேக் என்று இருக்கும். மலிவான பெட்டிகளில் பல அதைச் செய்யாது. வீட்டுக்குள் அந்தப் பெயர் நேராக 192.168 முகவரிக்குப் போகும்படி ரவுட்டரின் உள் டிஎன்எஸ்ஸில், அதாவது பெயரை முகவரியாக மாற்றும் பட்டியலில், ஒரு வரி போட்டால் தீர்ந்தது. ரவுட்டரில் அந்த வசதி இல்லையென்றால் கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் போடலாம், ஆனால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் போட வேண்டும், போனில் அதுவும் முடியாது.

இதே காரணத்தால்தான் முதல் நாள் எங்கிருந்து சோதித்தீர்கள் என்று கேட்டேன். சரியாக வேலை செய்யும் ஃபார்வர்டிங்கை, உள்ளிருந்து சோதித்துவிட்டு, கெட்டதாக நினைத்துக் கலைத்துப் போட்டவர்கள் நிறைய.

மே 10

தம்பி கேபிள்காரரைக் கேட்டாராம். "போர்ட் எல்லாம் ஓப்பன்தான் சார், உங்க சிஸ்டத்தைப் பாருங்க" என்று பதில். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அது தெரியாது. தெருப்பெட்டி வரை இழுப்பதும், வீட்டில் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியை மாற்றுவதும்தான் அவர் வேலை. அவரிடம் போர்ட் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். "பொது ஸ்டாட்டிக் ஐபி வேண்டும், மாதம் எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஆபீஸில் பதில் உண்டு.

ஸ்டாட்டிக், அதாவது மாறாத முகவரி, கிடைத்தாலும் சில இணைப்புகளில் வெப் பக்கங்களுக்கான போர்ட்டுகள் 80-ஐயும் 443-ஐயும் வீட்டு வாடிக்கையாளருக்கு அடைத்து வைத்திருப்பார்கள். பணம் கட்டும் முன் அதையும் கேட்டுவிடுங்கள்.

மே 14

பழைய 32 பிட் முகவரிக்கு (ஐபிவி4) அடுத்த தலைமுறையான ஐபிவி6 பற்றி யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன், கேட்கவில்லை. நானே எழுதுகிறேன்.

தம்பியின் ரவுட்டரில் ஐபிவி6 இருக்கிறது, லேப்டாப்புக்கு 2-ல் தொடங்கும் நீண்ட முகவரி ஒன்று வந்திருக்கிறது. 2 அல்லது 3-ல் தொடங்கினால் அது உலகத்துக்கே தெரியும் முகவரி. எஃப்இ80 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும், அதை எண்ணிக்கொண்டு மகிழ வேண்டாம். 128 பிட் முகவரி என்பதால் ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்தமாக ஒன்று. நாட் இல்லை, ஃபார்வர்டிங் என்ற பேச்சும் இல்லை. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்த ஒரு முகவரிக்கு, அந்த ஒரு போர்ட்டுக்கு அனுமதி கொடுத்தால் போதும்.

போதும் என்று எழுதிவிட்டேனே தவிர, வழியில் முள் இருக்கிறது. நிறுவனம் கொடுத்த ஓஎன்டிகளில் அந்த ஃபயர்வால் மெனுவே தெரியாமல் ஒளித்து வைத்திருப்பது உண்டு, இருக்கும் இடத்தில் முழுதாகத் திற அல்லது முழுதாக மூடு என்று இரண்டே தேர்வு. முழுதாகத் திறந்தால் வீட்டில் இருக்கும் டிவி, பிரிண்டர் எல்லாம் வாசலில் நிற்கும். அடுத்தது, லேப்டாப்புக்கு ஒரே நேரத்தில் பல முகவரிகள் இருக்கும். அதில் தற்காலிகமானதை எடுத்துப் பதிந்துவிட்டால் சில நாளில் அது இருக்காது, நிலையானதைப் பார்த்து எடுக்க வேண்டும். ரவுட்டர் மறுபடி எழும்போது முகவரியின் முன்பாதியே மாறினாலும் மாறும், டக்டிஎன்எஸ் இங்கே கைகொடுக்கும். வெப் சர்வரையும் ஐபிவி6-ல் கேட்கச் சொல்ல வேண்டும், என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் என்றால் அதற்கு லிசன் வரி தனி. பெயர் இல்லாமல் நேராக முகவரியை அடித்துச் சோதிப்பதானால் முழு முகவரியையும் சதுர அடைப்புக்குள் போட்டு, அதன் பிறகு கோலன் 8080. அடைப்பு இல்லாவிட்டால் பிரவுசருக்கு எது முகவரி எது போர்ட் என்று புரியாது.

மே 14, இரவு

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். தம்பியின் பக்கத்தைப் பார்க்கப் போவது யார்? ஈரோட்டிலும் சென்னையிலும் இருக்கும் மொத்த வியாபாரிகள். போனில் பார்த்தால் பெரும்பாலும் ஐபிவி6 இருக்கும். கடை கம்ப்யூட்டரில் பழைய இணைப்பு, ஐபிவி4 மட்டும் என்றால் அவர்களுக்கு இந்தப் பக்கம் என்ற ஒன்றே இருக்காது. "உங்க சைட் ஓடலையே" என்று போன் வரும், நீங்கள் உங்கள் போனில் பார்த்தால் ஓடும். வியாபாரத்துக்கு இது ஒத்துவராது. உங்கள் சொந்த உபயோகத்துக்கு என்றால் தாராளமாகப் போகலாம்.

மே 17

கத்திரி வெயில். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்தடை. ஒருவர் ராஸ்பெர்ரி பை வைத்திருந்தாராம், கரண்ட் போய் வந்ததில் எஸ்டி கார்டு போய்விட்டது என்கிறார். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டில் உள்ள ஃபைல் சிஸ்டம் குழம்பிவிடும், சில நேரம் கார்டே போய்விடும். எஸ்எஸ்டி போடுங்கள், காப்பி ஒன்று வேறிடத்தில் வையுங்கள்.

பழைய லேப்டாப்பை சர்வராக வைப்பதில் ஒரு வசதி, யூபிஎஸ் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் கரண்ட் இல்லையென்றால் லேப்டாப் மட்டும் விழித்திருந்து என்ன செய்வது? இந்த இரண்டுக்கும் 12 வோல்ட்டில் ஓடும் சின்ன யூபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. உங்கள் அடாப்டரில் 12 வோல்ட்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

லேப்டாப்பை எப்போதும் சார்ஜிலேயே வைத்து, மூடி போட்டு, பீரோ மேல் ஏற்றி வைக்காதீர்கள். நம் ஊர் மே மாதத்தில் வெளியே 40 டிகிரி தாண்டும், ஓட்டு வீட்டுப் பீரோ மேல் எவ்வளவு இருக்கும் என்று பாருங்கள். டச்பேட் லேசாக மேலெழும்பி நின்றால் அது பேட்டரி உப்பியதன் அடையாளம். அன்றே கழற்றி எடுங்கள், குத்தவோ அமுக்கவோ வேண்டாம்.

போர்ட் ஃபார்வர்டிங்கில் தொடங்கி பீரோவுக்கு வந்துவிட்டோம்.

மே 21

தம்பி டனல் போட்டுவிட்டார், ஓடுகிறது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

சிஜிநாட் வெளியே போகும் இணைப்பைத் தடுப்பதில்லை என்று முன்பே பார்த்தோம். டனல் அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொள்கிறது. லேப்டாப் தானாக வெளியே போய் ஒரு பொது சர்வரோடு இணைப்பை ஏற்படுத்தி, அதை அறுக்காமல் வைத்திருக்கும். பார்வையாளர் அந்தப் பொது சர்வருக்கு வருவார், அது ஏற்கனவே திறந்திருக்கும் குழாய் வழியாக அவரை வீட்டுக்குள் கொண்டுவரும். ரவுட்டரில் ஒரு போர்ட்டும் திறக்க வேண்டாம். அவர் போட்டது கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டனல். சொந்தமாக ஒரு டொமைன் வேண்டும், வெளியே போக 7844 போர்ட்டுக்குத் தடை இருக்கக் கூடாது.

இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. பூட்டிய இணைப்பு அவர்கள் சர்வரில் பிரிக்கப்பட்டு, அங்கிருந்து மறுபடி வீட்டுக்கு வருகிறது. நடுவில் இருப்பவர் நினைத்தால் பார்க்கலாம். கைலி டிசைனுக்கு யார் கவலைப்படப் போகிறார்கள். வீட்டுக் கணக்கு, மருத்துவ ரிப்போர்ட் என்றால் நான் அப்படி வைக்க மாட்டேன். மாத வாடகைக்கு வெளியே ஒரு சின்ன சர்வர் (விபிஎஸ்) எடுத்து, அதற்கும் வீட்டுக்கும் நடுவில் வயர்கார்டு என்ற பூட்டிய குழாயைப் போட்டு, பூட்டை வீட்டு லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்வேன். வயர்கார்டில் பெர்சிஸ்டன்ட் கீப்பலைவ் 25 என்று ஒரு வரி போட வேண்டும். போடாவிட்டால் கொஞ்ச நேரம் பேச்சு இல்லையென்றதும் சிஜிநாட் பெட்டி உங்களை மறந்துவிடும், வெளியிலிருந்து வருபவர் அங்கேயே நிற்பார்.

குடும்பத்துக்குள் மட்டும் என்றால், உங்கள் சாதனங்களைத் தங்களுக்குள் இணைக்கும் டெய்ல்ஸ்கேல் போதும், யாருக்கும் வாசல் திறக்கவே வேண்டாம். அதைப் போட்டதும் உங்கள் சாதனத்துக்கு 100-ல் தொடங்கும் முகவரி வரும். சிஜிநாட் போனுக்கும் வந்துவிட்டது என்று எனக்கு நள்ளிரவில் செய்தி அனுப்ப வேண்டாம். அவர்களும் அதே 100.64 தொகுதியிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

மே 22

"இதெல்லாம் எதற்கு, ஸ்டாட்டிக் ஐபி வாங்கி டிஎம்இசட் போட்டால் வேலை முடிந்தது" என்கிறார் ஒருவர். முடியும், வேலை மட்டுமில்லை. டிஎம்இசட் என்றால் அந்த லேப்டாப்பின் எல்லாப் போர்ட்டும் வெளியே. தூரத்திலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் பாஸ்வேர்டு, ஷேர் செய்த ஃபோல்டர், டேட்டாபேஸ் எல்லாம். 2016-ல் மிராய் என்ற புழு உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து வைத்துக்கொண்டு ஆட்டம் போட்டது. அது கையில் வைத்திருந்தது ஃபேக்டரி பாஸ்வேர்டுகளின் ஒரு சின்னப் பட்டியல், தட்டியது, தூரத்திலிருந்து நுழைய உதவும் பழைய டெல்நெட் போர்ட். அவ்வளவே. அந்த வருடத்துக்குப் பிறகு நான் எந்த டிவிஆரையும் பழைய பாஸ்வேர்டோடு விட்டு வந்ததில்லை, கடைக்காரர் எவ்வளவு முனகினாலும்.

போர்ட்டை வெளியே திறந்த கையோடு சர்வரின் லாகைத் திறந்து பாருங்கள். நீங்கள் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டீர்கள், ஆனாலும் வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் தேடி ஒருவர், பிஎச்பிமைஅட்மின் தேடி ஒருவர், பாஸ்வேர்டு எழுதி வைக்கும் என்வி ஃபைலைத் தேடி ஒருவர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். எல்லாம் இயந்திரங்கள், முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டு போகின்றன. 8080-க்குப் பதில் 48213 வைத்தால் கூட்டம் குறையும், நிற்காது.

யூபிஎன்பி அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் வீட்டுக்குள் இருக்கும் எந்தச் சாதனமும் உங்களைக் கேட்காமல் ரவுட்டரில் போர்ட் திறந்துகொள்ளும். உங்கள் விதி ஏற்கவில்லை, "போர்ட் உபயோகத்தில் உள்ளது" என்று வருகிறதென்றால் சில நேரம் அந்த இடத்தைக் கேமரா பிடித்து வைத்திருக்கும்.

ஜூன் 6

வெப் இணைப்பைப் பூட்டத் தேவையான சான்றிதழ் பற்றிய கேள்விகள் சேர்ந்துவிட்டன. அதைத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் இலவசம், ஒரு சான்றிதழ் 90 நாள். அதை வாங்கும் சாதாரண வழியில் அவர்கள் உங்கள் 80 போர்ட்டுக்கு வந்து பார்ப்பார்கள். 8080-ஐ மட்டும் திறந்து வைத்துவிட்டு ஏன் தோற்கிறது என்று கேட்காதீர்கள், வேறு போர்ட்டை அவர்கள் ஏற்பதில்லை. 80 அடைபட்டிருந்தால் டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் பதிவு போட்டு நிரூபிக்கும் வழி இருக்கிறது. சிஜிநாட்டுக்குப் பின்னால் இருந்துகொண்டே வாங்கலாம்.

முடியப்போகிறது என்று அவர்கள் அனுப்பிக்கொண்டிருந்த நினைவூட்டல் மெயில் இந்த ஜூன் 4-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. தானாகப் புதுப்பிக்கும் வேலை ஓடுகிறதா என்று ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

ஜூன் 9

தம்பி எழுதியிருக்கிறார். பக்கம் நன்றாக ஓடுகிறது, ஆனால் ஈரோட்டு வியாபாரி "லிங்க் எல்லாம் வேண்டாம்பா, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடு" என்று சொல்லிவிட்டாராம். அப்பா வேறு ஒன்றும் பேசவில்லையாம், சிரித்தாராம். அந்தச் சிரிப்பைத் தாங்குவதுதான் கஷ்டம். பரவாயில்லை, இருப்புக் கணக்கு பார்க்க அப்பாவுக்கே அந்தப் பக்கம் உதவும், அதற்கு டெய்ல்ஸ்கேல் போதும். பொது வாசலை மூடிவிடலாம்.

ஜூன் 11

ராணிப்பேட்டையிலிருந்து புதுக் கேள்வி: வேன் ஐபி 192.168.1.5 என்று வருகிறது. இது வேறு கதை. உங்கள் சொந்த ரவுட்டர், நிறுவனத்தின் ஓஎன்டிக்குப் பின்னால் நிற்கிறது, இரண்டு நாட். உங்கள் ரவுட்டரின் வீட்டுப் பக்க ஐபியும் 192.168.1 என்றே தொடங்கினால் முதலில் அதை 192.168.50 என்று மாற்றுங்கள், இரண்டு பக்கமும் ஒரே தொகுதி இருந்தால் ரவுட்டருக்கே தலை சுற்றும். பிறகு ஓஎன்டிக்குள் போய் அதன் வேன் ஐபியைப் பாருங்கள். அது பொது முகவரி என்றால் இரண்டு இடத்திலும் ஃபார்வர்ட் செய்யலாம், அல்லது ஓஎன்டியை, நாட் செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்தும் ப்ரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லலாம். நான் ப்ரிட்ஜ் பக்கம்தான். ஸ்டிக்கரில் இருக்கும் பாஸ்வேர்டில் நுழைந்தால் அந்த மெனு தெரியாது, கேபிள்காரர்தான் மாற்ற வேண்டும். அவர் மாற்றும் முன், ரவுட்டர் இணைப்புக்குள் நுழையத் தேவையான பிபிபிஓஇ யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றிவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு வாட்ஸ்அப்பில் கேட்க உங்களிடம் நெட் இருக்காது.